93 சதவீதம் வாங்கிய சுமாரான படம்

அன்புள்ள ஐயா,

எதையும் பார்க்கும் முன் விமர்சனங்களைத் தொகுக்கும் தளங்களில் மதிப்பெண் பார்ப்பது என் வழக்கம். போன வாரம் பார்த்த படத்துக்கு ராட்டன் டொமேட்டோஸில் 93 சதவீதம், மெட்டாக்ரிட்டிக்கில் 66. எனக்குப் படம் சுமார்தான். எதை நம்புவது? இந்த எண்களைப் பார்ப்பதையே விட்டுவிடலாமா?

வி.

அன்புள்ள வி.,

இரண்டு எண்ணையும் நம்பலாம். உங்களுக்குப் படம் சுமாராகப் பட்டதற்கான காரணமே அவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது.

ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் சதவீதம், எத்தனை விமர்சகர்களுக்குப் படம் பிடித்தது என்ற கணக்கு மட்டுமே. எவ்வளவு பிடித்தது என்று அது சொல்வதில்லை. மெட்டாக்ரிட்டிக் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று போட்டுச் சராசரி எடுக்கிறது. பத்து விமர்சகர்களை வைத்துப் பாருங்கள். பத்துப் பேரும் ‘பரவாயில்லை’ என்று ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறார்கள். முதல் தளத்தில் அது 100 சதவீதம். இரண்டாவதில் 60. இன்னொரு படத்துக்கு ஆறு பேர் ஐந்து நட்சத்திரமும் நான்கு பேர் ஒன்றும் தருகிறார்கள். முதல் தளத்தில் 60 சதவீதம், இரண்டாவதில் ஏறக்குறைய 68. வரிசையே தலைகீழாகிவிட்டது, பார்த்தீர்களா! நான் அந்த இரண்டாவது படத்துக்குத்தான் போவேன். சிலர் கொண்டாடி, சிலர் கோபப்பட்ட படத்தில் ஏதோ ஒன்று இருக்கும். யாரையும் உறுத்தாத படங்கள் சதவீதத்தில் சுலபமாக மேலே போய்விடுகின்றன. உங்கள் படமும் அந்த ரகம் என்றே நினைக்கிறேன்.

மெட்டாக்ரிட்டிக்கிலும் எனக்கு ஒரு குறை உண்டு. சில விமர்சகர்களுக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று வெளியில் சொல்வதில்லை. ஒரு படைப்பின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் எண்ணுக்கு அந்த வெளிப்படைத்தன்மை வேண்டும்.

தொடர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பல சமயம் விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கிடைப்பது முதல் சில அத்தியாயங்கள்தான். அதை வைத்து எழுதியதுதான் மதிப்பெண்ணாகிறது. முடிவு சொதப்பினால் அது அந்த எண்ணில் தெரியாமலே போகலாம்.

அப்புறம், பார்வையாளர் மதிப்பெண். படம் வரும் முன்பே கும்பலாக வந்து வசைபாடியதால், 2019இல் ராட்டன் டொமேட்டோஸ் வெளியீட்டுக்கு முந்தைய கருத்துகளை நிறுத்தியது. டிக்கெட் வாங்கியது உறுதியானவர்களின் மதிப்பைத் தனியே காட்டவும் தொடங்கியது. நல்ல மாற்றம்.

விட்டுவிட வேண்டாம். எத்தனை விமர்சனங்களிலிருந்து அந்தச் சதவீதம் வந்தது என்று முதலில் பாருங்கள். பத்துக்கும் இருநூறுக்கும் வித்தியாசம் பெரிது. பிறகு பாராட்டியவர் ஒருவரையும் திட்டியவர் ஒருவரையும் முழுதாகப் படியுங்கள். பாவம், அவர்கள் ஆயிரம் வார்த்தை எழுதியதை நாம் ராட்டன் டொமேட்டோஸ் போடும் ஒரு தக்காளிச் சின்னமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ரசனை ஒத்துப்போகிற நாலு பேர் அங்கேயே கிடைப்பார்கள். அடுத்த முறை அவர்கள் பெயரைத் தேடிப் போங்கள்.