ஸ்பானிய மொழிப் பட்டப்படிப்பு: கட்டணத்தைச் சேமிப்பிலிருந்து கட்டலாமா, கடன் எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இலண்டனில் வசிக்கிறோம், மூவரும் பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர்கள். நான் பேருந்து ஓட்டுகிறேன். மனைவி பராமரிப்பு இல்லமொன்றில் பகுதிநேரமாக வேலை செய்கிறார். இருவரின் ஆண்டு வருமானமும் சேர்ந்து 46,000 பவுண் வரும். மகள் ஏ லெவலில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தரப் பரீட்சையில்) ஸ்பானிய மொழி, வரலாறு, கணிதம் படித்தாள். வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழிப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 2025 செப்டெம்பரில் தொடங்குகிறது. நான்கு ஆண்டுப் படிப்பு, மூன்றாம் ஆண்டு வெளிநாட்டில். சிறுகச் சிறுகச் சேர்த்த 34,000 பவுண் கையில் இருக்கிறது. பிள்ளை கடனாளியாக வாழ்க்கையைத் தொடங்கக் கூடாது என்பதால் கட்டணம் முழுவதையும் அதிலிருந்தே கட்ட நினைக்கிறேன். மாணவர் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். பற்றாக்குறைக்குச் சீட்டு எடுக்கலாம், அல்லது வீட்டு மோர்கேஜை (வீட்டை ஈடாக வைத்து வாங்கிய வங்கிக் கடனை) கூட்டலாம். மனைவியோ, ஸ்பானிய மொழிக்கு இவ்வளவு காசு எதற்கு, கணக்கியல் படிக்கட்டும் என்கிறார். உங்கள் ஆலோசனை என்ன?

பதில்: உங்கள் சேமிப்பைக் கட்டணத்துக்குக் கொடுக்க வேண்டாம். மகளை இன்றே மாணவர் கடனுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கடன் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு வரும் அச்சம் எனக்கு நன்றாகத் தெரியும். வட்டிக்கு வாங்கி, நகையை அடகு வைத்து, காணியை ஈடு வைத்துத் துன்பப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாம். ஆனால் இங்கிலாந்தின் மாணவர் கடன் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அதன் பெயர் மட்டும்தான் கடன்; நடைமுறையில் அது சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் ஒரு வரியைப் போலவே இயங்குகிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் எடுக்கும் முடிவு உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பையே கரைத்துவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கட்டணத்தைப் பார்ப்போம். 2025–26 கல்வியாண்டில் உயர்ந்தபட்சக் கட்டணம் 9,535 பவுண். முழு ஆண்டையும் வெளிநாட்டில் கழிக்கும் மாணவரிடம் அதில் 15 சதவீதத்துக்கு மேல் பல்கலைக்கழகம் அறவிட முடியாது. அது 1,430 பவுண். ஆகவே, அந்த ஆண்டின் விலையில், மூன்று ஆண்டுகளுக்கு 28,605 பவுணும் வெளிநாட்டு ஆண்டுக்கு 1,430 பவுணும் சேர்த்து மொத்தம் 30,035 பவுண். உங்கள் சேமிப்பில் நான்காயிரத்துக்கும் குறைவாகவே மிஞ்சும். அதற்குப் பிறகும் வீட்டு வாடகை, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாம் இருக்கின்றன.

உங்கள் மனைவியின் கேள்விக்கும் இங்கேயே ஒரு பகுதி விடை கிடைக்கிறது. இங்கே கட்டணம் பாடத்தைப் பொறுத்து மாறுவதில்லை. மூன்று ஆண்டுக் கணக்கியல் படிப்புக்கும் 28,605 பவுண்தான். ஸ்பானிய மொழிக்குக் கட்டணத்தில் கூடுதலாவது 1,430 பவுண் மட்டுமே. உண்மையான கூடுதல் செலவு, ஓராண்டு வாழ்க்கைச் செலவும், ஓராண்டு பிந்தி வேலைக்குப் போவதும் ஆகும். அந்த ஓராண்டு அவளுக்கு மாட்ரிட்டிலோ செவில்லிலோ, அல்லது அத்திலாந்திக் கடந்து மெக்சிகோவிலோ சிலியிலோ மொழியைப் பேசிப் பழகுவதற்குக் கிடைக்கிறது. நான்கு ஆண்டுகளில் அவளுடைய தகுதியை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டப்போவது அந்த ஆண்டுதான் என்பது என் எண்ணம்.

இனிக் கடனுக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டுக்குப் பின் இங்கிலாந்தில் பட்டப்படிப்பைத் தொடங்குபவர்களுக்கு ‘பிளான் 5’ என்னும் திட்டம் பொருந்தும். வருமானம் ஆண்டுக்கு 25,000 பவுணைத் தாண்டினால் மட்டும், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிக்கப்படும். நாற்பது ஆண்டுகளின் பின் மிஞ்சியிருக்கும் தொகை தள்ளுபடியாகும். பட்டதாரி இறந்தாலும் கடன் அழிந்துவிடும். பெற்றோரிடம் எவரும் கேட்டு வரமாட்டார்கள். கடன் தகுதி அறிக்கைகளில் இது பதிவாவதில்லை. ஆனால் மோர்கேஜ் கொடுக்கும் வங்கி மாதப் பிடிப்பைச் செலவாகக் கணக்கில் எடுக்கும்.

உங்கள் மகள் பாடசாலை ஆசிரியையாகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டெம்பரிலிருந்து இலண்டனுக்கு வெளியே புதிய ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் 32,916 பவுண். அதில் 25,000 ஐக் கழித்தால் 7,916. அதன் 9 சதவீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 712 பவுண், மாதத்துக்கு 59 பவுண். சம்பளச் சீட்டில் வருமான வரிக்கும் தேசியக் காப்புறுதிக்கும் பக்கத்தில் இன்னொரு பிடிப்பாக அது காட்டப்பட்டிருக்கும். வேலை போனாலோ, பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாலோ அந்தப் பிடிப்பு பூச்சியமாகிவிடும். நிலுவை என்று கடிதம் வராது. உங்கள் மோர்கேஜ் வங்கி ஒரு மாதமாவது இப்படிப் பொறுத்துக்கொள்ளுமா என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது முக்கியமான ஒப்பீட்டைச் சொல்கிறேன். கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் சேர்த்து முழுக் கடனையும் எடுத்தால் அவள் படிப்பை முடிக்கும்போது, வட்டியைச் சேர்க்காமல், ஏறத்தாழ 61,000 பவுண் கடன் இருக்கும். நீங்கள் 30,035 பவுணைக் கையிலிருந்து கட்டினால் அது ஏறத்தாழ பாதியாகக் குறையும். ஆனால் அவளுடைய முதல் மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும் 59 பவுணில் ஒரு பென்ஸ்கூடக் குறையாது. பிடிப்பு, கடனின் அளவைப் பார்ப்பதில்லை. சம்பளத்தை மட்டுமே பார்க்கிறது. உங்கள் முப்பதாயிரத்தின் பயன், கடன் முடியும் திகதி முன்தள்ளப்படுவது மட்டுமே; அதுவும் பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவள் போதிய அளவு உழைத்தால்தான்.

வட்டியைப் பற்றிக் கேட்பீர்கள். பிளான் 5 இன் வட்டி, சில்லறை விலைச் சுட்டெண்ணின் பணவீக்கத்துக்குச் சமம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 2025 செப்டெம்பரிலிருந்து அது 3.2 சதவீதம். முந்தைய பிளான் 2 இல் படிக்கும் காலத்திலேயே இதற்கு மேல் 3 சதவீதம் சேர்க்கப்பட்டது; அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் பலர் இன்னும் பயப்படுகிறார்கள். 61,000 பவுணுக்கு 3.2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1,952 பவுண் வட்டி. அவள் கட்டுவது 712 தான். ஆகவே தொடக்க ஆண்டுகளில் கடன் அறிக்கையில் தொகை ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்துப் பதறி எவரிடமாவது கடன் வாங்கிக் கட்டிவிடாதீர்கள். விலைவாசியோடு சேர்ந்து ஏறும் தொகையின் உண்மை மதிப்பு கூடுவதில்லை. அவள் நல்ல சம்பளத்துக்குப் போனால் கடனைக் கட்டி முடிப்பாள். போகாவிட்டால் மிச்சம் தள்ளுபடியாகும்.

இதில் நான் மறைக்க விரும்பாத குறை ஒன்று உண்டு. நாற்பது ஆண்டு என்பது முழு உழைப்புக் காலம். பழைய திட்டத்தில் முப்பது ஆண்டுதான். வருமான வரம்பும் உயர்வாக இருந்தது. அதனால் புதிய திட்டத்தில் கட்டி முடிப்பவர்கள் அதிகமாக இருப்பார்கள். மேலும், விதிகளை அரசாங்கம் இடையில் மாற்றலாம். வரம்பை உயர்த்தாமல் நிறுத்திவைத்த முன்னுதாரணம் உண்டு. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்த பின்னும், வேறு சேமிப்பு இல்லாத ஒரு குடும்பம் கையிருப்பை வெறுமையாக்கி இந்தக் கடனைத் தவிர்ப்பது தவறு என்றே சொல்வேன். சேமிப்பு ஏராளமாக இருக்கும் குடும்பத்துக்கு வேறு விடை இருக்கலாம். அது உங்கள் நிலைமை அன்று.

மோர்கேஜைக் கூட்டுவது என்ற எண்ணத்தை அடியோடு விடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பன், மகனின் கட்டணத்துக்காக இரண்டு சதவீதத்துக்கும் குறைந்த வட்டியில் மோர்கேஜைக் கூட்டினார். நிலையான வட்டிக் காலம் 2023 இல் முடிந்தபோது புதிய வட்டி ஐந்து சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அவர் கொண்டுவந்த கடிதத்தை மேசையில் விரித்து, பழைய மாதத் தொகையையும் புதியதையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டியது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. மகனுக்குக் கடன் இல்லை. வீட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. கழிவு கொடுத்துச் சீட்டை முந்தி எடுப்பதும் இதே வகைதான். அந்தக் கழிவை வட்டியாக மாற்றிக் கணக்கிட்டால் 3.2 சதவீதத்தைவிடப் பல மடங்கு வரும்.

பணம் உண்மையில் தேவைப்படும் இடம் வாழ்க்கைச் செலவு. இலண்டனுக்கு வெளியே, வீட்டை விட்டு விலகி வசிக்கும் மாணவருக்கு 2025–26 இல் உயர்ந்தபட்ச வாழ்க்கைச் செலவுக் கடன் 10,544 பவுண். ஆனால் அது குடும்ப வருமானம் 25,000 பவுணுக்கு மேற்படாதவர்களுக்கு. உங்கள் வருமானத்துக்கு ஏறத்தாழ 7,400 பவுண்தான் கிடைக்கும். இடைவெளியான மூவாயிரத்துச் சொச்சத்தைப் பெற்றோர் கொடுப்பார்கள் என்பதே இந்த ஏற்பாட்டின் உட்பொருள்; அதை எந்தக் கடிதத்திலும் வெளிப்படையாக எழுதமாட்டார்கள். வருமானக் கணக்குக்கு எடுக்கப்படுவது 2023–24 வரி ஆண்டு. அதன் பிறகு உங்கள் வேலை நேரம் குறைந்து வருமானம் 15 சதவீதமோ அதற்கு மேலோ வீழ்ந்திருந்தால், நடப்பு ஆண்டின் வருமானத்தைக் கொண்டு கணக்கிடும்படி கேட்கலாம்.

வெளிநாட்டு ஆண்டுக்குத் தனியாகத் திட்டமிட வேண்டும். அந்த ஆண்டுக்கான வாழ்க்கைச் செலவுக் கடனின் உயர் வரம்பு சற்றுக் கூடுதல், 2025–26 இல் 12,076 பவுண். சிக்கல், பணம் வரும் நேரத்தில்தான் இருக்கிறது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதிலிருந்து, ஸ்பெயினில் 90 நாட்களுக்கு மேல் தங்க மாணவர் விசா வேண்டும். அதற்கு மாதம் 600 யூரோ வீதம் வாழ வழியிருப்பதைக் காட்ட வேண்டும். பத்து மாதமென்றால் 6,000 யூரோ. காவல்துறைச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, விமானச் சீட்டு, அறைக்கான முற்பணம் எல்லாம் கோடைகாலத்திலேயே வந்து நிற்கும். கடனின் முதல் தவணையோ கல்வியாண்டு தொடங்கிய பின்னர்தான் வரும். இந்த இடைவெளியில் தவித்த பிள்ளைகள் கடன் அட்டையில் செலவழித்து, இருபது சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் கவுன்சிலின் மொழி உதவியாளர் திட்டத்தில் ஒரு ஸ்பானியப் பாடசாலையில் சேர்ந்தால் மாதக் கொடுப்பனவு கிடைக்கும். அதற்கு விண்ணப்பிப்பது இரண்டாம் ஆண்டில். பல்கலைக்கழகம் வழியாக வெளிநாட்டு ஆண்டுக்கு ஏதேனும் உதவித்தொகை கிடைக்குமா என்றும் அவள் கேட்க வேண்டும்.

ஆகவே உங்கள் 34,000 பவுணை நான் இப்படி வைப்பேன். ஆண்டுக்கு 3,200 பவுண் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 12,800, அவளுடைய வாழ்க்கைச் செலவு இடைவெளிக்கு. இரண்டாம் ஆண்டு முடியும் கோடைக்கென்று 3,000, எந்த நேரமும் எடுக்கக்கூடிய கணக்கில். பத்தாயிரம் பவுண் உங்கள் வீட்டின் அவசரகால நிதி. அதைத் தொடக் கூடாது. மிஞ்சுவதில் எட்டாயிரத்தை, அவளுக்குப் பதினெட்டு நிரம்பியதும் அவள் பெயரில் ஒரு லைஃப்டைம் ஐசா என்னும் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 4,000 வீதம் இரண்டு ஆண்டுகளில் போடலாம். ஒவ்வோர் ஆண்டும் அரசாங்கம் 1,000 பவுண் சேர்க்கும். இது முதல் வீடு வாங்குவதற்கான பணம். வீட்டின் விலை 450,000 பவுணுக்கு மேற்படக் கூடாது, வேறு காரணத்துக்கு எடுத்தால் 25 சதவீதம் வெட்டப்படும் என்பதை அவளுக்குச் சொல்லிவையுங்கள்.

மனைவியின் கவலையை நான் ஒதுக்கவில்லை. மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி இந்தப் பட்டத்தை எடுப்பதை இன்று எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தொழிலின் அடிப்படை வேலைகளை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டு வருகின்றன. ஆனால் இந்த நாட்டில் பட்டதாரி வேலைகளில் பெரும்பகுதி எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவருக்கும் திறந்திருக்கிறது. பட்டயக் கணக்காளர் பயிற்சிகூட அப்படித்தான், கணிதத்தில் ஏ லெவல் இருப்பது அங்கே நல்ல பலம். 2019 இல் ஏ லெவலில் பிரெஞ்சைவிட ஸ்பானிய மொழியை எடுத்தவர்கள் அதிகமானார்கள். ஆசிரியர் தேவை அதற்கேற்ப இருக்கிறது. 2025–26 க்கு ஸ்பானிய மொழி ஆசிரியப் பயிற்சிக்கு வரியில்லாத 26,000 பவுண் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. இது ஆண்டுக்காண்டு மாறும் தொகை, 2029 இல் அப்படியே இருக்குமென்று நம்பித் திட்டமிட வேண்டாம். ‘டிஸ்கவர் யூனி’ என்ற அரச இணையத்தளத்தில் அவள் சேரப்போகும் படிப்பின் பெயரைப் போட்டு, முன்னே படித்தவர்களின் சம்பளத்தை மூவரும் சேர்ந்து பாருங்கள். ஸ்பானிய மொழியை வணிகத்தோடோ பொருளியலோடோ சேர்த்துப் படிக்க அந்தப் பல்கலைக்கழகம் இடம் கொடுக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். அவள் விரும்பினால் மட்டும்.

இன்னும் மூன்று விடயங்கள். மாணவர் நிதி பொதுவாகப் படிப்பின் காலத்துக்கு மேல் ஓராண்டே கூடுதலாகக் கிடைக்கும். முதலாம் ஆண்டில் மனம் மாறி வேறு மூன்றாண்டுப் படிப்புக்குப் போனால் சமாளிக்கலாம். இரண்டு ஆண்டுகள் கழித்துப் போனால் ஓராண்டுக் கட்டணம் உங்கள் கையிலிருந்து போகும். இரண்டாவதாக, மொழித் துறைகளைச் சுருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. கார்டிஃப் பல்கலைக்கழகம் 2025 ஜனவரியில் நவீன மொழிப் படிப்புகளை நிறுத்தும் யோசனையை வெளியிட்டுப் பின்னர் அதைத் திருத்த நேர்ந்தது. மகளின் துறை நான்காம் ஆண்டு வரை முழுமையாகக் கற்பிக்க உறுதி தருகிறதா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மூன்றாவதாக, படித்து முடித்து அவள் ஸ்பெயினிலேயே வேலைக்குத் தங்கினால், மாணவர் கடன் நிறுவனத்துக்கு வருமானத்தை அறிவிக்க வேண்டும். அந்நாட்டுக்கென்று தனி வருமான வரம்பு உண்டு. அறிவிக்காமல் விட்டால், சம்பளத்தைப் பாராமல் ஒரு நிலையான மாதத் தொகையைக் கேட்பார்கள்.

விண்ணப்பம் ‘ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்து’ தளத்தில், மகளின் பெயரில் தொடங்க வேண்டும். பிறகு நீங்களும் மனைவியும் தனித்தனியே உங்கள் தேசியக் காப்புறுதி இலக்கத்தோடு வருமான விபரத்தைச் சேர்க்க வேண்டும். கல்வியாண்டு தொடங்கி ஒன்பது மாதம் வரை விண்ணப்பத்தை ஏற்பார்கள். ஆனால் தாமதமானால் செப்டெம்பரில் முதல் தவணை முழுமையாக வந்துசேராது, அறை வாடகை அதற்குக் காத்திருக்காது. ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் 2023–24 ஆம் ஆண்டின் பி60 படிவங்களைத் தேடி எடுத்துவைத்துக்கொண்டு, இந்த வாரமே மகளோடு உட்காருங்கள்.