பால்குடியை எப்போது மறக்கடிப்பது? கேள்வி பதில்

கேள்வி (சேலம்): அரசுப் பள்ளி ஆசிரியை. ஒரு வருஷ மகப்பேறு விடுப்பு முடியப்போகுது, பாப்பாவுக்கு 11 மாசம். வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே பாலை மறக்கடிச்சிடுன்னு அத்தை சொல்றாங்க. நிறுத்தித்தான் ஆகணுமா மேடம்?

பதில்: வேண்டியதில்லை. 11 மாதக் குழந்தைக்குப் பகல் பசி இட்லி, பருப்புச் சாதம், முட்டை என்று மூன்று நான்கு வேளையில் அடங்கிவிடும். காலையில் கிளம்பும் முன், வீட்டுக்கு வந்ததும், பிறகு இரவில். இப்படிக் கொடுத்து வந்தால் பால் வற்றாது.

முதல் ஒன்றிரண்டு வாரம் பள்ளியில் மதியம் மார்பு கனக்கும். கனம் குறையும் அளவுக்கு மட்டும் பீச்சுங்கள். முழுக்கக் காலி செய்தால், அந்த வேளைக்கும் பால் வேண்டும் என்று உடம்பு ஊறவைத்துக்கொண்டே இருக்கும். பீச்சிய பாலைச் சேர்த்து வைப்பதென்றால், 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம் தாங்கும். சேலத்து ஏப்ரலில் அந்தக் கணக்கு செல்லாது. உடனே ஐஸ் பைக்குள் வையுங்கள். ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் 4 நாள் வைக்கலாம், கதவில் வைக்காதீர்கள். சூடாக்கியதை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள். சங்கிலோ சின்ன டம்ளரிலோ கொடுங்கள். பாட்டில் வேண்டாம்.

கேள்வி (திருச்சி): ஒரு வயசுக்கு மேல தாய்ப்பால் வெறும் தண்ணிதான், சத்தே இல்லைன்னு சொல்றாங்களே?

பதில்: தவறு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு உணவோடு சேர்த்து 2 வயது வரையோ அதற்கு மேலோ கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை குழந்தைக்குத் தேவையான ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வரை தாய்ப்பாலிலேயே கிடைக்கும். நோய் எதிர்ப்புப் பொருள்களும் அதில் தொடர்ந்து இருக்கின்றன. 2 வயது என்பது கெடு இல்லை. அதற்கு முன் நிறுத்தும் தாய் குற்றவாளியும் இல்லை.

கேள்வி (ஈரோடு): பையனுக்கு 1 வயசு 8 மாசம். சோறு வாயிலயே வைக்கமாட்டான், எப்பவும் பால்தான். பாலை நிறுத்தினாத்தான் சாப்பிடுவான்னு சொல்றாங்க.

பதில்: வரிசையை மாற்றுங்கள். எழுந்ததும் பால், பிறகு சாப்பாடுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் எதுவும் வேண்டாம். முதலில் தட்டு, பிறகு பால். பருப்புத் தண்ணீர், ரசம் சாதம் என்று நீர்க்கக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் சட்டென வழியாத பதத்தில் பருப்பும் சோறும் குழைத்து, ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள். முட்டை, ஈரல், கீரை சேருங்கள். ஹீமோகுளோபின் அவசியம் பாருங்கள், இரும்புச்சத்து குறைந்தால் பசியே எடுக்காது. மாட்டுப்பாலும் கொடுக்கிறீர்களா? அது ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டக்கூடாது. பல வீடுகளில் பழி தாய்ப்பால் மேல் விழுகிறது. குழந்தையின் பசியை அடைப்பது மாட்டுப்பால்.

கேள்வி (மதுரை): எதுக்கு இவ்வளவு யோசனை? எங்க வீட்டுல மூணு பிள்ளைக்கும் வேப்பெண்ணெய் தடவித்தான் மறக்கடிச்சோம். மூணு நாள் அழும், அவ்வளவுதான்.

பதில்: வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது உள்ளே போய் வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று குழந்தைகள் ஆபத்தான நிலைக்குப் போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அடுத்தது உங்கள் உடம்பு. நேற்று வரை ஐந்தாறு வேளை குடித்த குழந்தை இன்று ஒரு வேளையும் குடிக்கவில்லை என்றால் பால் கட்டும், கட்டிய இடம் சிவக்கும், காய்ச்சல் வரும், விட்டால் சீழ் பிடிக்கும்.

மதுரை: எண்ணெய் வேண்டாம், வேப்பிலை அரைச்சுத் தடவலாமே? பால் கட்டாம இருக்க மல்லிகைப்பூ வச்சுக் கட்டுவோம். அதையும் மூடநம்பிக்கைன்னு சொல்லிடாதீங்க.

பதில்: மல்லிகையை அப்படிச் சொல்ல மாட்டேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அதைச் சோதித்து, 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். மார்பில் வைத்த குண்டுமல்லியை, பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை மாத்திரைதான் கூடுதலாகக் குறைத்தது. ஆனால் பால் கட்டுவதிலும், சுரப்பின் அளவிலும், வலி மாத்திரை எவ்வளவு தேவைப்பட்டது என்பதிலும் இரண்டும் சமமாகவே வந்தன. நம் பாட்டிமார் கண்டுவைத்தது வீண் இல்லை.

ஆனால் அந்தச் சோதனை புதிதாகப் பிரசவித்த தாய்மாருக்கு. ஒன்றரை வருடம் கொடுத்த தாய் ஒரே நாளில் நிறுத்திவிட்டுப் பூவை நம்பலாம் என்று அது சொல்லவில்லை. இறுக்கிக் கட்டினால் பால் குழாய் அழுந்தி அதுவே கட்டும். கடைப் பூவில் பூச்சிமருந்து இருக்கலாம், இன்னும் பால் குடிக்கும் குழந்தை வாயில் அது படக்கூடாது. வேப்பிலையில் எண்ணெய் அளவுக்குப் பயமில்லை என்றாலும், குழந்தை மிரண்டு ஒரே நாளில் நிறுத்துகிறதே, அந்தச் சிக்கல் அப்படியே நிற்கிறது.

மதுரை: அப்போ நீங்க சொல்ற வழி?

பதில்: ஒரு வேளையை மட்டும் எடுங்கள். பெரும்பாலும் மதியம்தான் எளிது. அந்த நேரத்தில் வழக்கமாகப் பால் கொடுக்கும் நாற்காலியில் உட்காராதீர்கள். வெளியே கூட்டிப் போங்கள், தின்ன ஏதாவது கொடுங்கள். மார்பு கனத்தால் கொஞ்சம் பீச்சி, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். நான்கு முதல் ஏழு நாள் கழித்து மார்பு மெத்தென்று ஆனபிறகே அடுத்த வேளை. தூங்கப்போகும் வேளை கடைசி. ஐந்து வேளைக்கு ஒரு மாதம் ஆகும். குழந்தைக்குக் காய்ச்சல், பல் வலி, புது வீடு என்றால் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: ஒரு வருஷத்தோட நிறுத்திடலாமா?

பதில்: திருச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: மாத்திரை போட்டு உடனே நிறுத்தலாமா?

பதில்: மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. மகப்பேறு மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி (கோவை): ரெண்டு நாளா நிறுத்திட்டேன். ஒரு பக்கம் சிவந்து, குளிர் காய்ச்சல்.

பதில்: இன்றே மருத்துவரிடம் போங்கள். போகும்வரை அந்தப் பக்கமும் குழந்தைக்குக் கொடுங்கள், பால் கெட்டுப்போகவில்லை. அழுத்தித் தேய்க்காதீர்கள்.

கேள்வி: மூணு மாசம் கர்ப்பம், மூத்தவளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: சிக்கலில்லாத கர்ப்பத்தில் கொடுக்கலாம். ரத்தப்போக்கோ முன்பு குறைப்பிரசவமோ இருந்தால் மருத்துவர் சொல்கிறபடி.

கேள்வி: நிறுத்தினா எந்த பவுடர் பால்?

பதில்: ஒரு வயது தாண்டியிருந்தால் எதுவும் தேவையில்லை. சாப்பாடும், டம்ளரில் மாட்டுப்பாலும் போதும். பாட்டில் வேண்டாம், மறுபடி சொல்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர்): ரெண்டரை வயசு. ராத்திரி ஒரு வேளை மட்டும்தான் குடிக்கிறா, அதை மட்டும் விட மாட்டேங்கிறா.

பதில்: இந்த வயதில் சொன்னால் புரியும். "வெளிச்சம் வந்தா பால், இருட்டுல அம்மா தூங்கணும்" என்று நான்கைந்து நாள் பகலிலேயே சொல்லிவையுங்கள். பிறகு சில இரவு அப்பா பக்கத்தில் படுக்கட்டும், நீங்கள் கழுத்து மூடிய உடையில் இருங்கள். கேட்டால் தண்ணீர், தட்டிக்கொடுத்தல். காலையில் பால் கேட்டால் கொடுங்கள், சொன்ன வாக்கு அது. பிறகு காலை வேளையும் இதேபோலப் போகும். நின்ற பிறகும் பல வாரம் சொட்டுப் பால் வரலாம். இன்னும் வருகிறதா என்று பிதுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் வந்துகொண்டேதான் இருக்கும்.