கார்டைட் ஃபேக்டரி கணக்கு

கேள்வி: எங்கள் ஊர் கார்டைட் ஃபேக்டரி மாதிரி இன்னும் பத்து, பக்கத்து வெலிங்டன் மாதிரி இன்னும் பத்து கன்டோன்மென்ட் வந்தால் நாடு தானாகப் பணக்கார நாடாகிவிடாதா? வரலாற்றில் படை பெருத்த நாடுதானே செல்வத்திலும் பெருத்தது?
– ஒரு வாசகர், அருவங்காடு

பதில்: சம்பளத் தேதியில் உங்கள் ஊர்க் கடைகளில் கூடும் கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அந்தச் சம்பளம் வரிப்பணம் சார். கீழே திருப்பூரில் பனியன் தைத்தவரும் லாரி ஓட்டியவரும் கட்டியது. ஃபேக்டரியை மூடச் சொல்லவில்லை. எது முந்தி, எது பிந்தி என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். அமிலத்தில் ஊறிய பஞ்சு, நைட்ரோகிளிசரின், கொஞ்சம் வாசலின். இதைப் பிசைந்து கயிறு கயிறாக இழுத்தால் கார்டைட், அதாவது துப்பாக்கி, பீரங்கிக் குண்டுகளை உந்தித் தள்ளும் வெடிமருந்து. பிசைய அசிட்டோன் என்ற கரைப்பான் வேண்டும். முதல் உலகப்போரில் பிரிட்டனைத் திணறவைத்தது அதுதான். உலகின் மிகப் பெரிய கடற்படை அவர்களுடையது. அசிட்டோனுக்கோ அமெரிக்காவை எதிர்பார்க்க வேண்டும். கைம் வைஸ்மன் (பின்னாளில் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதியான அதே ஆள்) மக்காச்சோளத்தை நொதிக்கவைத்து அசிட்டோன் எடுக்க வழி சொன்னார். சரி, அந்தச் சோளமும் கப்பலில்தானே வரவேண்டும்? அதனால் சோளத்துக்குப் பதிலாக நொதிக்கவைக்க, 1917-ல் பள்ளிப் பிள்ளைகளை மரத்தடியில் குதிரைக் கஷ்கொட்டை என்ற காட்டுக் கொட்டையைப் பொறுக்க அனுப்பினார்கள். அதற்குள் அமெரிக்காவில் கடன் வாங்க அடமானம் வைக்கவும் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

ஸ்பெயின் கதை இன்னும் மோசம். தென் அமெரிக்காவின் பொட்டோசி சுரங்கத்திலிருந்து வெள்ளி கப்பல் கப்பலாக வந்தும், மன்னர் இரண்டாம் பிலிப் 1557, 1575, 1596 என்று கடன் கொடுத்தவர்களிடம் திரும்பத் திரும்பக் கையை விரித்தார். சம்பளம் வராத அவருடைய சிப்பாய்களே 1576-ல் அவர் ஆட்சிக்கு உட்பட்ட ஆன்ட்வெர்ப் நகரைச் சூறையாடினார்கள்.

படையால் பணம் வந்ததே கிடையாதா என்பீர்கள். வந்தது. 1765-ல் வங்காளத்தின் வரிவசூல் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது துப்பாக்கி பலத்தில்தான். ஆனால் அது நம் வீட்டுப் பானையிலிருந்து அள்ளிய அரிசி. அவர்கள் விளைவித்ததா என்ன?

அப்புறம், இரண்டாம் உலகப்போரில் ஜெயித்தது பிரிட்டன். போர் நடந்தபோதுகூட ரேஷனில் இல்லாத ரொட்டிக்கு, ஜெயித்த மறு ஆண்டு, 1946-ல் ரேஷன் வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவிடம் வாங்கிய கடனின் கடைசித் தவணையை அவர்கள் கட்டி முடித்தது 2006-ல்.