தீர்ப்பு எழுதப் பழக ஓர் இட்டேரி வழக்கு போதும்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். உயர் நீதிமன்ற நீதிபதியிடம் சட்ட உதவியாளராகச் சேர ஆசை. தீர்ப்பு எழுத எப்படிக் கற்பது? உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளாகப் படித்தும் பிடிபடவில்லை.

பதில்: படிக்கத் தொடங்கிய இடம்தான் சிக்கல். உச்ச நீதிமன்றத்துக்கு வரும்போது சாட்சியத்தை எடைபோடும் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். சீனியரிடம் கேட்டு, முடிந்துபோன சிவில் வழக்குக் கட்டு ஒன்றை எடுங்கள். இட்டேரியை, அதாவது தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதையை, வேலி போட்டு அடைத்த வழக்கு நம் பக்கம் எந்த ஆபீஸிலும் கிடைக்கும்.

தீர்ப்பு நகலை மட்டும் உருவித் தனியே வையுங்கள். மற்றதைப் படித்துவிட்டு எழுவினாக்களை, அதாவது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளை, நீங்களே வகுங்கள். பாதி வேலை இதில்தான். "வாதிக்குப் பாதை உரிமை உண்டா?" என்று ஒரே வரியில் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். உரிமை கிரயப் பத்திரத்தில் வந்ததா? 20 வருடம் பகிரங்கமாக, உரிமையோடு, தடையில்லாமல் நடந்ததால் வந்ததா? ஒரே சொத்தாக இருந்து பாகம் பிரிந்தபின் வேறு வழியே இல்லாததாலா? மூன்றுக்கும் நிரூபணம் வேறு. தோட்டத்துக்கு வடக்கே பஞ்சாயத்து ரோட்டுக்கு வழி இருக்கிறது என்று இடத்தைப் பார்த்துவர நீதிமன்றம் அனுப்பிய ஆணையரின் அறிக்கை சொன்னால் மூன்றாவது அடிபடும். இரண்டாவது அப்படியே நிற்கும்.

அப்புறம் காரணம். "வா.சா.1 (வாதி தரப்பு முதல் சாட்சி) சாட்சியம் நம்பும்படி இல்லை" என்று முடிப்பது சோம்பேறித்தனம். இப்படி எழுதிப் பாருங்கள்: "பாதை 16 அடி என்கிறார் வா.சா.1. குறுக்கு விசாரணையில், தன் டிராக்டர் அதில் போனதே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆணையர் அளந்தது 5 அடி." தோற்றவருக்கும் இது புரியும். சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 20, விதி 4 கேட்பதும் வழக்கின் சுருக்கம், தீர்மானிக்க வேண்டியவை, முடிவு, காரணங்கள், அவ்வளவுதான். 2022-இல் ஸ்டேட் பாங்க் எதிர் அஜய் குமார் சூட் வழக்கில், புரியாத தீர்ப்பைக் கண்டித்த உச்ச நீதிமன்றம் பத்திகளுக்கு எண் போடுவதைக்கூட வலியுறுத்தியது. அதை மட்டும் படித்துவிடுங்கள்.

எழுதி முடித்தபின் உருவி வைத்ததைப் பிரியுங்கள். முடிவு மாறியிருந்தால் எந்தச் சான்றாவணத்தைத் தவறவிட்டீர்கள் என்று தேடுங்கள். சில நேரம் தவறவிட்டவர் நீதிபதியாகவும் இருப்பார்!

சட்ட உதவியாளருக்குப் பெரும்பாலும் குறிப்பெழுதும் வேலைதான்: சங்கதி, எழுவினா, இருபக்கமும் காட்டும் முன்தீர்ப்புகள். வக்கீல் மேற்கோள் காட்டிய பத்தி அந்தத் தீர்ப்பில் நிஜமாகவே இருக்கிறதா என்று பாருங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் இ-எஸ்சிஆர் இணையதளத்தில் இலவசம். முடிவு நீதிபதியுடையது. வரைவில் பார்த்ததை கோபி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்கூடப் பேசாதீர்கள்.