எழுத்து உடலைச் சொல்லும், எண் வேலையைச் சொல்லும்

வாசகர் கேள்வி–பதில்
இந்த இதழில்: இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானிய ஹாஃப்-டிராக் (முன்னால் சக்கரம், பின்னால் சங்கிலி) கவச வண்டிகள்

கேள்வி: நான் வாங்கிய மாடல் பெட்டியில் ‘251/1 அவுஸ்ஃப். சி’ என்றிருக்கிறது. நண்பரிடம் இருப்பது ‘251/22 அவுஸ்ஃப். டி’. ஒன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் இருபது மாடல் வந்து போனதா? என்னிடம் இருக்கும் சி-யை வைத்தே 22-ஐச் செய்துவிட முடியுமா?
வாசகர், செந்தூல்

பதில்: இந்த வண்டியைப் பற்றி வரும் கடிதங்களில் பாதி இந்தக் குழப்பத்தில்தான் தொடங்குகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

251 என்பது இந்த வண்டி வகையின் எண். அதற்குப் பிறகு கோடு போட்டு வரும் எண் வண்டிக்குக் கொடுத்த வேலையைக் குறிக்கிறது. ‘அவுஸ்ஃப்.’ (ஜெர்மன் மொழியில் ‘வடிவம்’) என்பதற்குப் பின் வரும் ஏ, பி, சி, டி என்ற எழுத்து, உடல் எந்தக் காலத்து வடிவமைப்பு என்பதைக் குறிக்கிறது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. 251/1 என்பது காலாட்படைப் பிரிவை ஏற்றிச் செல்லும் சாதாரண வண்டி. ஓட்டுநரும் தலைவரும் முன்னால், பத்துப் பேர் பின்னால். அது 1939-இல் ஏ உடலில் தொடங்கி, போர் முடியும்வரை டி உடலில் வந்துகொண்டே இருந்தது. ஆகவே 1 பழையது, 22 புதியது என்று எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது.

எழுத்தைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களைப் பாருங்கள்: மூக்கு, பக்கம், பின்கதவு.

ஏ உடலில் வீரர்கள் உட்காரும் பகுதியின் பக்கச் சுவரிலும் பார்வைத் துளைகள் இருக்கும். பி-யில் அவற்றை எடுத்துவிட்டார்கள். இந்த இரண்டிலும் மூக்கு இரண்டு தகடுகளாக மடிந்து நிற்கும், முன்னால் பம்பரும் உண்டு. 1940-இல் வந்த சி-யில் மூக்கு ஒரே சாய்தகடு, பம்பர் இல்லை. எஞ்சினின் இரு பக்கமும் காற்று போகும் வழியை மூடிய கவசக் கூடு புடைத்துத் தெரியும். சி உடலில் பற்றவைத்ததும் உண்டு, தறையாணி (ரிவெட்) அடித்ததும் உண்டு. உங்கள் பெட்டியில் இருப்பது எது என்று பார்த்துக்கொண்டு, அதே வகைப் புகைப்படத்தை மட்டும் மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

1943-இல் வந்த டி-யை எட்ட நின்றே அடையாளம் சொல்லலாம். ஏ முதல் சி வரை பின்பக்கம் நடுவில் புடைத்து, கதவுகள் சிப்பி போல மடிந்திருக்கும். டி-யில் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சாய்வு, கதவுகள் தட்டையானவை. முன்பு தனித்தனியாக இருந்த, சாமான் வைக்கும் பக்கப் பெட்டிகள் டி-யில் உடலோடு சேர்ந்து ஒரே கோடாக ஓடும். ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் இருந்த திறக்கும் மூடிகள் போய் வெறும் கீறல் துளைகள் வந்தன. தகடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து வேகமாகக் கட்டத்தான் இந்த மாற்றமெல்லாம். மொத்தம் 15,000-க்கும் மேல் கட்டப்பட்ட 251-களில் பெரும்பகுதி டி-தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 251/22 என்பது 7.5 செ.மீ. பாக் 40 டாங்கி எதிர்ப்புப் பீரங்கியை ஏற்றிய வண்டி, 22 குண்டுகள் கொண்டது. வந்தது 1944-இன் கடைசியில், டி உடலில் மட்டும். உங்கள் சி-யில் பீரங்கியை மட்டும் வைத்தால் அப்படி ஒரு வண்டி எங்கேயும் ஓடியிருக்காது. உடலை டி-யாக மாற்ற வேண்டுமானால் பின்பக்கம் முழுவதையும், இரு பக்கப் பெட்டிகளையும், மூடிகளையும் வெட்டிப் புதிதாகச் செய்ய வேண்டும். அந்த உழைப்புக்கு டி மாடல் பெட்டி ஒன்றை வாங்குவதே மேல். சி-யை சி-யாகவே கட்டுங்கள், அது அழகான வண்டி.

கேள்வி: புகைப்படத்தில் 250-ஐயும் 251-ஐயும் பிரித்தறிவது எப்படி? இரண்டும் ஒரே முகமாகத் தெரிகிறது.
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். சங்கிலிக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் சக்கர வரிசையில் 250-க்கு நான்கு அச்சு, 251-க்கு ஆறு. 251 ஹனோமாக்கின் 3 டன் இழுவை வண்டியின் சட்டத்தில் பிறந்தது, 5.80 மீட்டர் நீளம். 250 அதைவிடச் சிறிய தனி வகை, டேமாக்கின் 1 டன் இழுவை வண்டியைச் சுருக்கிக் கட்டியது. உள்ளே ஆறு பேருக்குத்தான் இடம். எஞ்சின் இரண்டிலும் ஒன்றே: மைபாக் எச்எல் 42, ஆறு சிலிண்டர், 100 குதிரைசக்தி. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியத் தளபதி ரோம்மல் பயன்படுத்திய ‘கிரைஃப்’ 250/3. 1940-இல் பிரான்சில் இன்னொரு தளபதி குடேரியான் நின்றபடி இருக்க, கீழே எனிக்மா என்ற ரகசியக் குறியீட்டுக் கருவி தெரியும் புகழ்பெற்ற படத்தில் இருப்பது 251/3. இரண்டுமே வானொலி வண்டிகள்.

கேள்வி: 251/9 கட்டுகிறேன். ஒரு படத்தில் பீரங்கி ஓட்டுநருக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கிறது, இன்னொன்றில் கூரைக்கு மேலே இருக்கிறது. எது சரி?
வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இரண்டும் சரி, ஆனால் ஒரே வண்டியில் இரண்டையும் கலந்தால் தவறு. இதன் 7.5 செ.மீ. குட்டைக் குழல் பீரங்கி, டாங்கிகளுக்கு நீளக் குழல் வந்த பிறகு மிஞ்சியது. குட்டையாக இருந்ததால் ‘ஸ்டும்மெல்’, அதாவது கட்டை, என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1942-இல் வந்த முதல் அமைப்பில் ஓட்டுநருக்கு வலப்பக்க இருக்கையை எடுத்துவிட்டு, முன்தகட்டை வெட்டி, பீரங்கியை அந்த இடத்திலேயே இறக்கினார்கள். 1944-இல் வந்த பின்னைய அமைப்பில் பீரங்கியும் அதன் உயரமான கேடயமும் ஓட்டுநர் கூரைக்கு மேலேயே ஏறி உட்கார்ந்தன. கீழே வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

அடிக்கடி நடக்கும் தவறு இது: பெட்டியில் பின்னைய அமைப்பு இருக்கும், கட்டுபவர் பழைய படத்தைப் பார்த்து முன்தகட்டை வெட்டிவிடுவார். கத்தியை எடுக்கும் முன் கேடயத்தைப் பசை போடாமல் வைத்துப் பாருங்கள். அது கூரைமேல் சரியாக உட்கார்ந்தால் உங்களுடையது பின்னைய வகை. உடல் சி-யாக இருந்தால் தாழ்ந்த அமைப்பையே தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. அசல் வண்டியின் பக்கத் தகடு 8 மி.மீ. கனம். 1/35 அளவில் அது கால் மி.மீ.கூட இல்லை. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் சுவரோ 1 மி.மீ. தாண்டும். கூரையில்லாத வண்டி என்பதால் மேல் விளிம்பு முழுவதும் கண்ணில் படும். விளிம்பை உட்புறத்திலிருந்து மட்டும் கத்தி முனையால் சரிவாகச் சுரண்டி, 400, பிறகு 800 எண் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இந்த ஒரு வேலையில் வண்டி பொம்மைத் தோற்றத்திலிருந்து இரும்புத் தோற்றத்துக்கு வந்துவிடும்.

கேள்வி: பக்கத்தில் ராக்கெட் தொங்கும் வண்டிக்கு என்ன எண்?
மாணவர், ஜார்ஜ்டவுன்

பதில்: தனி எண் கிடையாது, அதுவும் 251/1-தான். பக்கத்துக்கு மூன்றாக ஆறு சட்டங்களை மாட்டினால் 28 செ.மீ. வெடி ராக்கெட்டோ 32 செ.மீ. தீ ராக்கெட்டோ ஏற்றலாம். வீரர்கள் வைத்த பெயர் ‘நடந்து போகும் ஸ்டூக்கா’ (ஸ்டூக்கா என்பது ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானம்). 28 செ.மீ. ராக்கெட் ஒன்று 82 கிலோ. ஆறும் சேர்ந்தால் அரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. உயரக் கோணத்தைச் சட்டத்தில் மாற்றலாம், திசைக்கு வண்டியையே திருப்ப வேண்டும். ஆகவே மாடலில் ஆறு சட்டமும் நேர் முன்னோக்கி, ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும்.

கேள்வி: கூரை இல்லாத வண்டிக்கு உள்ளே தந்த வெள்ளையா?
வாசகர், கெப்போங்

பதில்: இல்லை. தந்த நிறம் மூடிய டாங்கிகளின் உட்புறத்துக்கு. இதில் மேலிருந்து விமானம் பார்த்தால் வெள்ளை பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். உள்ளேயும் வெளி நிறம்தான். 1943 பிப்ரவரிக்கு முன் கரும்சாம்பல், அதன்பின் கரும்மஞ்சள். மஞ்சளின் மேல் பழுப்பும் பச்சையும் படைப்பிரிவுகளே அடித்துக்கொண்டவை, அவை வெளியே மட்டும். அதனால் டி உடலுக்குச் சாம்பல் நிறம் அடிக்காதீர்கள்.

கேள்வி: மங்கல் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன், காலையில் பார்த்தால் வண்டி முழுக்க வெண்மை படர்ந்திருக்கிறது. போன வருடம் கட்டி வைத்த இன்னொன்றில் ரப்பர் சங்கிலி பட்ட சக்கரங்கள் உருகி ஒட்டிக்கொண்டன. பெட்டியின் கோளாறா?
வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: இரண்டும் பெட்டியின் கோளாறு அல்ல. முதலாவது நம் ஊர்க் காற்றின் வேலை, இரண்டாவது வேதியியல்.

லாக்கர் வகை வார்னிஷில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடுகிறது. மழை நாளில் ஈரக்காற்று அதன்மேல் பனிபோல் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. அந்த வெண்மை அதுதான். மழை பெய்யும்போதும், பெய்து ஓய்ந்த மாலையிலும் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஏர்கான் ஒரு மணி நேரம் ஓடிய அறையில் வண்டியை வைத்திருந்து, பிறகு அடியுங்கள். ஏர்பிரஷ் வைத்திருந்தால் தின்னரில் ரிடார்டர் கலந்த வகையை வாங்குங்கள். அது மெதுவாக உலரும், வெண்மை வராது. காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ போதும். கம்பிரசருக்கும் பிரஷுக்கும் நடுவில் நீர்ப்பிரிப்பான் கட்டாயம் வேண்டும், இங்கே அரை மணி நேரத்தில் அதன் கிண்ணத்தில் தண்ணீர் சேர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஏற்கெனவே வெளுத்த வண்டியைத் தேய்க்க வேண்டாம். வெயில் அடிக்கும் நாளில், ரிடார்டர் கலந்த பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக ஒரு பூச்சு அடித்தால் சிக்கிய ஈரம் பெரும்பாலும் விடுபட்டுவிடும். அதன்மேல் மறுபடி மங்கல் பூச்சு. எழுத்து ஒட்டிகளையும் பளபளப்புப் பரப்பின் மேல்தான் ஒட்ட வேண்டும். மங்கல் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி போல மின்னும்.

இனி சங்கிலி. பழைய பெட்டிகளில் வரும் கறுப்புச் சங்கிலி மென்மையாக்கி கலந்த வினைல். அந்த மென்மையாக்கி கசிந்து சக்கரத்தின் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. வெயிலில் சூடாகும் அலமாரியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பெட்டியைத் திறந்த அன்றே சங்கிலியைத் தனிப் பையில் போட்டு, மற்ற பாகங்களிலிருந்து விலக்கி வையுங்கள். மாட்டும் முன் சக்கரங்களுக்கு முழுப் பூச்சு கொடுங்கள், சங்கிலியின் உட்புறத்துக்கும் அக்ரிலிக் அடியுங்கள். சேதத்தைத் தள்ளிப்போட இது உதவும். அடியோடு தீர வேண்டுமானால் தனித்தனிக் கண்ணியாக வரும் பிளாஸ்டிக் சங்கிலிக்கு மாறிவிடுங்கள். சக்கரங்களை உள்வரிசையிலிருந்து வெளியே வரும் வரிசையில் மாட்டுங்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் தட்டையான கண்ணாடிமேல் வைத்து, எல்லாம் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு உள்சக்கரம் அரை மி.மீ. தூக்கினாலும் பின்னால் சரிசெய்ய வழியில்லை. அசல் வண்டியில் மெக்கானிக்குகள் பட்ட பாடும் இதே: உள்சக்கரம் ஒன்று கெட்டால் அதை மூடி நிற்கும் வெளிச்சக்கரங்கள் எல்லாம் கழன்று வர வேண்டும்.

கேள்வி: போர்க்காலத்தில் பினாங்கில் ஜெர்மானியர் இருந்தார்கள் என்று தாத்தா சொல்வார். இந்த வண்டி இங்கே வந்ததா?
மாணவி, பட்டர்வொர்த்

பதில்: தாத்தா சொன்னது உண்மை. ஜப்பானியர் பிடியில் இருந்த பினாங்கு, 1943 முதல் ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்குத் தளமாக இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் யூ-178 வந்து சேர்ந்தது. வந்தவர்கள் கடற்படையினர். 251-இன் களம் ஐரோப்பாவும் வட ஆப்பிரிக்காவும்.

கேள்வி: போர்ப் படங்களில் வரும் ஹாஃப்-டிராக்குகள் அசலா?
வாசகர், செராஸ்

பதில்: பல படங்களில் வருவது ஓட்டி-810. போரின்போது 251 கட்டப்பட்ட செக்கோஸ்லோவாக்கியாவில், 1950-களின் கடைசியில் அதே உருவத்தில் மறுபடி கட்டிய வண்டி. மைபாக் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாகக் காற்றால் குளிரும் டாட்ரா டீசல் எஞ்சின், வீரர்கள் பகுதிக்கு மேலே இரும்புக் கூரை. படப்பிடிப்புக்காகக் கூரையைக் கழற்றிவிட்டு, ஜெர்மானியச் சின்னம் தீட்டி ஓட்டுவார்கள். எனவே திரைப்படக் காட்சியை நிறுத்தி வைத்து மாடலுக்கு அளவு எடுக்காதீர்கள். போர்க்காலப் புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கி, முதலில் பின்கதவைப் பாருங்கள்.