சொந்த ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு எதிலும் மனம் ஒட்டுவதில்லை. புத்தகம், படம், புதிர் இவையெல்லாம் உண்மையில் உதவுமா?

கேள்வி கேட்ட நண்பர் தாம் கும்பகோணத்துக்காரர் என்றும், பெங்களூருவில் தனியாக அறை எடுத்துத் தங்கி வேலை பார்ப்பதாகவும், ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் சில நாட்கள் எதைச் செய்தாலும் பிடிப்பில்லாமல் போவதாகவும் எழுதியிருக்கிறார். புத்தகம் படி, படம் பார் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது வெறும் நேரப்போக்குதானே என்பது அவருடைய சந்தேகம்.

எனக்கு நாகர்கோவில், வேலை சென்னையில். மாலையில் வடசேரிப் பக்கம் வாங்கிய மட்டிப்பழமும் நேந்திரங்காய் வற்றலும் பையில் கனக்க ரயில் ஏறினால், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் கண்ணிலிருந்து மறையும்போதே நெஞ்சு கனக்கத் தொடங்கிவிடும். விடிந்தால் எழும்பூர். ஆகவே நண்பர் சொல்வது எனக்கு நன்றாகவே புரிகிறது. என் பதில்: உதவும், மிக நன்றாகவே உதவும். ஆனால் எதை எப்போது கையில் எடுக்கிறோம் என்பது முக்கியம். வந்த அன்றே பெரிய நாவலைத் திறந்தால் நாலு பக்கத்தில் மூடிவிடுவோம்.

ஊரில் இருக்கும் நாட்களில் நம் நேரம் நம்முடையது அல்ல. அத்தை வருவாள், பக்கத்து வீட்டுத் தாத்தா வருவார், கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கும், நடுவில் ரேஷன் கடைக்கு ஓட வேண்டியிருக்கும். நான் எடுத்துப்போகும் புத்தகம் எப்போதும் பிரிக்காமலேயே திரும்பி வரும். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது மூலையில் குனிந்து படித்துக்கொண்டிருப்பது சரியும் இல்லை. இங்கே வந்து பூட்டைத் திறந்தால், கிளம்பும் அவசரத்தில் மேசையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. யாரும் அதை எடுத்துக் கழுவவில்லை, யாரும் அதில் தண்ணீர் குடிக்கவில்லை. அந்த அமைதிதான் நம்மை வாட்டுகிறது. பலர் அதை மறைக்கக் கைபேசியை எடுத்து, குடும்பக் குழுவில் வந்து விழும் புகைப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இரவைக் கழிக்கிறார்கள். அதனால் ஏக்கம் கூடுமே தவிரக் குறையாது. ஊர் தர முடியாத ஒன்று இந்த அறையில் இருக்கிறது: யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம். அதை ருசித்து அனுபவிக்கப் பழகினால், ஊரின் மீதுள்ள பிரியம் ஒரு துளியும் குறையாமலேயே இங்கே வாழலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை.

முதல் நாள் மாலைக்கு நான் சிபாரிசு செய்வது சுடோகு. கதை இல்லை, மனிதர் இல்லை, ஊர் நினைவைக் கிளறும் ஒரு சொல்கூட இல்லை. ஒன்பதுக்கு ஒன்பது கட்டம், ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள், அவ்வளவுதான். பெயர் ஜப்பானியப் பெயராக இருந்தாலும், இன்றைய வடிவில் இது முதலில் அச்சானது அமெரிக்கப் புதிர் இதழ் ஒன்றில், 1979இல். ஹோவர்டு கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக்கலைஞர் உருவாக்கியது என்பது பொதுவான கருத்து. ஜப்பானுக்குப் போய்ப் பெயர் பெற்று, 2004இல் லண்டன் நாளிதழில் வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ஒரே ஒரு விடை மட்டும் இருக்க வேண்டுமானால், தொடக்கத்தில் குறைந்தது 17 எண்களாவது தரப்பட்டிருக்க வேண்டும். 16 தந்தால் போதாது என்பதை 2012இல் டப்ளினைச் சேர்ந்த கணித ஆய்வாளர்கள் கணினியின் துணையோடு காட்டினார்கள். அலைபாயும் மனத்துக்கு, கட்டாயம் ஒரு விடை உண்டு என்ற உறுதி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் போட்டுப் பார்த்தால் தெரியும். தாளில் பென்சிலால் போடுங்கள். கைபேசியில் வேண்டாம், அதில் போட்டால் இரண்டாவது கட்டத்துக்குள் அத்தையின் குரல்செய்தி வந்துவிடும்.

அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்குக் குறுக்கெழுத்து. இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இது வெறும் புதிர் அல்ல.

தமிழ்க் குறுக்கெழுத்தின் அமைப்பே தனி. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து என்றால் உயிர்மெய் முழுவதும் ஒரே கட்டத்தில் அடங்க வேண்டும். 'க்' ஒரு கட்டம், 'கொ' ஒரு கட்டம். ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துகள்தான், எந்தச் சொல்லோடும் எந்தச் சொல்லும் எளிதாகக் குறுக்கே வெட்டிக்கொள்ளும். நமக்கு எழுத்துகள் 247. இரண்டு சொற்கள் சந்திக்க வேண்டுமானால் குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்பது வரை பொருந்தியாக வேண்டும். கட்டம் அமைப்பவருக்கு அது கடினம். ஆனால் போடுகிறவருக்கு அதுவே வரம். குறுக்கே 'ணை' என்று ஓர் எழுத்து கிடைத்துவிட்டால் அதில் முடியும் சொற்கள் எத்தனை இருக்கும்? விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடலாம். போதாததற்கு நம் வார இதழ்களிலும் ஞாயிறு இணைப்புகளிலும் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு நிற்பதில்லை. வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நான்கு திசையிலும் சொற்கள் ஓடும். கீழிருந்து மேல் ஏறும் சொல்லைக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்கு ஈடே இல்லை.

அம்மாவும் நானும் ஒரே செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பை வாங்குகிறோம். அவர் நாகர்கோவிலில் முற்றத்துப் படியில் உட்கார்ந்து போடுவார், நான் இங்கே. பத்து மணி வாக்கில் போன் வரும். "மக்கா, மேலிருந்து கீழ் ஐந்து போட்டுவிட்டாயா?" என்பதுதான் முதல் கேள்வி. சாப்பிட்டாயா என்பதுகூட அதற்குப் பிறகுதான். ஒருமுறை இணைப்பில் வந்ததை முடித்துவிட்ட பிறகும் பேச்சை நிறுத்த மனமில்லாமல், நானே ஒரு குறிப்பை எழுதி அவரிடம் கொடுத்தேன்: 'தலையோடு மேட்டூரில் உள்ளதைச் சேர்த்தால் உறக்கம் வரும்', நாலு எழுத்து. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. மேட்டூரை அவர் பார்த்ததில்லை. பிறகு, "நம்ம பேச்சிப்பாறையில் இருக்கிறதே, அதுதானே அங்கேயும் இருக்கும்?" என்றார். அடுத்த நொடியே "தலையணை" என்று சொல்லிச் சிரித்தார். மேட்டூர் அணையைப் பேச்சிப்பாறை அணை வழியாகப் போய்ப் பிடித்த அந்த மூளையை நினைத்து நாள் முழுக்கப் பூரித்துப்போயிருந்தேன்.

அப்பா போனில் அதிகம் பேசாதவர். நலமா, நலம், வைத்துவிடவா என்பதோடு முடிந்துவிடும். ஆனால் நெல் அளக்கும் பழைய கருவி, ஐந்து எழுத்து என்று அம்மா சத்தமாகப் படித்தால், பின்னாலிருந்து "மரக்கால்" என்று அவர் குரல் வரும். அதோடு நிற்காமல், இருபத்தொரு மரக்கால் சேர்ந்தால் ஒரு கோட்டை நெல் என்று நாஞ்சில் நாட்டுக் கணக்கையும் சொல்லுவார். வீட்டிலிருக்கும்போது அவரிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால்கூட இதைச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்தான். உங்கள் வீட்டிலும் செய்தித்தாள் வாங்குவார்கள் என்றால், இந்த ஞாயிறே தொடங்குங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

படத்துக்கு வருகிறேன். ஊரிலிருந்து வந்த சூட்டில் வெட்டுக்குத்துப் படங்களைப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காதில் இன்னும் கல்யாண வீட்டு மேளம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த இரைச்சல் எதற்கு? நான் எல்லாரிடமும் சொல்லும் படம் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி', 1953இல் வந்தது. ஒனொமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான பெற்றோர் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மகன் மருத்துவர், மகள் அழகுநிலையம் நடத்துகிறாள். இருவருக்கும் வேலை மும்முரம். பெற்றோரை அழைத்துக்கொண்டு சுற்ற முடியாமல், அடாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குப் பணம் கொடுத்து அனுப்பிவைக்கிறார்கள். அங்கே விடுதியின் சத்தத்தில் கிழவர்களுக்குத் தூக்கமே வருவதில்லை. போரில் இறந்துபோன மகனின் மனைவி நொரிகோ மட்டும் வேலைக்கு விடுப்பு எடுத்து அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறாள். கேமரா தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் நிற்கிறது, அநேகமாக நகர்வதே இல்லை. அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் இந்தப் படத்தின் உயிர். அவர்களுக்கு நேரமில்லை, அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்த வாரத்தில் இதைப் பார்த்தால் கண்ணீர் வரும், வரட்டும். அம்மாவும் அப்பாவும் சென்னைக்கு வந்தால் அவர்களுக்காக முழுதாக விடுப்பு எடுப்பது என்று நான் முடிவு செய்தது இந்தப் படத்துக்குப் பிறகுதான்.

இன்னொரு வகை இன்பமும் படத்தில் உண்டு: நம் பக்கத்து இடங்களைத் திரையில் கண்டுபிடிப்பது. பாசிலின் 'மணிச்சித்திரத்தாழ்' (1993) என்ற, பேய் பயம் காட்டும் மலையாளப் படத்தின் சில பகுதிகளை எடுத்தது தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில். அது இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரள அரசு. பள்ளிச் சுற்றுலாவில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் அந்தக் கருந்தரையில் நடந்த குளிர்ச்சி, மர உத்தரங்களைப் பார்த்ததும் காலில் ஏறுகிறது. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து அந்தத் தரையைப் போட்டார்கள் என்று வழிகாட்டிகள் சொல்லுவார்கள். படத்தை நிறுத்தி நிறுத்தி, இது எந்தக் கூடம் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் பேய் பயமெல்லாம் போயே போய்விட்டது.

புத்தகத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதற்கு மனம் முழுதாகத் தேவை. மனம் படிந்த பிறகு எதைப் படிப்பது என்றால், ஊரை மறக்கச் செய்யும் புத்தகத்தை அல்ல, ஊரைப் பற்றிய புத்தகத்தையே எடுங்கள். எனக்கு அது சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை', 1966இல் நூலாக வந்தது. நாகர்கோவிலின் நாற்சந்தி ஒன்றில் நின்ற புளியமரம்தான் அதில் நாயகன். அந்த இடம் ஒருகாலத்தில் குளமாக இருந்ததையும், மகாராஜா அந்த வழியாக வந்தபோது குளத்தின் நாற்றம் தாங்காமல் அது தூர்க்கப்பட்டதையும் தாமோதர ஆசான் என்ற முதியவர் கதை கதையாகச் சொல்லுவார். நகரசபைத் தேர்தல் போட்டி வந்து, கடைசியில் மனிதர்களே மரத்துக்கு முடிவு கட்டுகிறார்கள். ஊரில் இருந்தபோது ஆட்டோக்களுக்கும் துணிக்கடை விளம்பரங்களுக்கும் நடுவே வேப்பமூடு சந்திப்பைக் கடந்து நடந்த கால் இன்னும் ஆறவில்லை. அதே ஊர் இந்தப் பக்கங்களில் குளமும் காற்றாடித்தோப்புமாக எழுந்து நிற்கிறது. ஊரில் இருக்கும்போது படித்தால் இந்த வியப்பு வராது. ஊரை விட்டு வந்து, மனம் படிந்ததும் படித்தால் ஒவ்வொரு வரியிலும் வரும். மேற்கே தேங்காய்ப்பட்டணத்துக் கடலோரத்தை அறிய விரும்புவோருக்குத் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' இருக்கிறது. அதுவும் என் அலமாரியில் கைக்கெட்டும் தட்டில்தான்.

நண்பருக்கு என் யோசனை, கும்பகோணத்துக்காரர் என்பதால், தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. பாபுவும் யமுனாவும் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். நீங்கள் பாட்டு வாத்தியார் ரங்கண்ணா வரும் இடங்களை நிதானமாகப் படியுங்கள், அந்த ஊரின் நாதம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. அது பெரிய நாவல், முடிக்க மாதமானாலும் பரவாயில்லை. ஞான ராஜசேகரன் அதை 1995இல் படமாக எடுத்தார். நாவலை முடிக்கும் வரை அதைப் பார்க்காதீர்கள், யமுனாவின் முகம் உங்கள் மனத்தில் தானாக உருவாக வேண்டும். நாவலின் நீளம் மலைப்பாக இருந்தால், எழுத்தாளர் சிட்டியும் ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' என்ற பயணநூலிலிருந்து தொடங்கலாம். பெங்களூருவின் குடிநீரில் பெரும்பகுதி காவிரியிலிருந்து ஏற்றி வருவதுதான், ஆகவே அந்த ஆற்றின் கதையில் நீங்கள் இப்போது இருக்கும் ஊருக்கும் பங்குண்டு. நூலில் ஓரிடம் பிடித்துப்போனால் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த விடுமுறையில் நேரே ஊருக்குப் போகாமல் அந்த இடத்தில் ஒருநாள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அம்மா சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.