லண்டனில் டிரெய்னி ஆக வேண்டுமா? காலண்டரை முதலில் பாருங்கள்

கேள்வி: சென்னையில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். லண்டனில் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் டிரெய்னியாக, அதாவது பயிற்சி வழக்கறிஞராகச் சேர ஆசை. படிப்பை முடித்து, அங்கே எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் படிப்பைப் படித்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள் வீட்டில். அது சரியா?

பதில்: வேண்டாம், இப்போதே விண்ணப்பியுங்கள். லண்டனின் பெரிய நிறுவனங்கள் பொதுவாக, வேலை தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஆள் எடுத்துவிடுகின்றன. எல்.எல்.எம். முடித்துவிட்டுக் கதவைத் தட்டினால், அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேரும். டிரெய்னி ஆவதற்கு எல்.எல்.எம். கட்டாயமும் இல்லை. பாடத்தின் மீது ஆசை இருந்தால் படியுங்கள். வேலைக்கான நுழைவுச் சீட்டாக நினைத்துக் குடும்பத்தைக் கடனில் இறக்காதீர்கள்.

உள்ளே போகப் பரவலான வழி, 'வெக்கேஷன் ஸ்கீம்' எனப்படும் சில வாரப் பயிற்சி. பல நிறுவனங்கள் அதற்கான விண்ணப்பங்களை செப்டம்பர், அக்டோபரில் திறந்து ஜனவரிக்குள் மூடிவிடுகின்றன. படிவத்தில் 'எங்கள் நிறுவனம் ஏன்?' என்ற கேள்வி இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 'உலகப் புகழ்பெற்ற நிறுவனம்' என்று எழுதினால் அது எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். அவர்கள் அண்மையில் செய்த ஒரு பரிவர்த்தனையை எடுத்து, அதில் வழக்கறிஞருக்கு எது சிக்கலாக இருந்திருக்கும் என்று நான்கு வரி எழுதுங்கள். பிறகு வாட்சன் கிளேசர் போன்ற தர்க்கத் தேர்வு வரலாம். அது பழக்கத்தால் கைவரும்.

இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து சொலிசிட்டர், அதாவது பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வெளியே சட்டப் பணி செய்யும் வழக்கறிஞர், ஆவதற்கு எஸ்.கியூ.இ. என்ற தேர்வு நடைமுறையில் இருக்கிறது. முதல் பகுதியில் 360 கொள்குறி வினாக்கள். இரண்டாம் பகுதி, கட்சிக்காரரிடம் பேசுவது, ஆவணம் வரைவது போன்ற செய்முறைத் திறனைச் சோதிக்கிறது. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இந்தத் தேர்வுக்கும் அதன் வகுப்புக்கும் தாங்களே பணம் கட்டுகின்றன. ஆகவே இடம் கிடைப்பதற்கு முன்பே சொந்தச் செலவில் எழுத அவசரப்படாதீர்கள்.

டிரெய்னிப் பயிற்சி இரண்டு ஆண்டு. வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒரு துறை என நான்கு துறைகள். அங்கே இதை 'சீட்' என்பார்கள். வேலை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை என்பதால் ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒப்பந்தம் கையெழுத்தாகி நிறைவேறும் இரவு. மூன்று நாடுகளிலிருந்து கையெழுத்துப் பக்கங்கள் மின்னஞ்சலில் வந்துகொண்டிருக்கும். அவற்றைச் சரிபார்த்து அடுக்குவது டிரெய்னியின் வேலை. 'டீட்' எனப்படும் பத்திரத்தில் தனிநபர் ஒருவர் கையெழுத்திட்டால், அதை உடனிருந்து பார்த்த சாட்சியும் கையெழுத்திட வேண்டும். சாட்சியின் கையெழுத்து விடுபட்டதை இரவு பதினொரு மணிக்குக் கண்டுபிடிப்பவர்தான் நல்ல டிரெய்னி. எல்லாத் தரப்பும் ஒப்புதல் சொல்லும் வரை தேதிக்கான இடம் காலியாகவே இருக்க வேண்டும். ஆர்வத்தில் நிரப்பிவிடக் கூடாது. நீதிமன்றத்தில் வாதாடும் கனவு இருந்தால் இந்த வாழ்க்கை உங்களுக்குச் சலிப்பூட்டும். காகிதத்தில் ஓட்டை தேடுவது பிடிக்கும் என்றால் இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வழியும் உங்களுக்கு இருக்கிறது. இங்கே பார் கவுன்சிலில் முழுத் தகுதி பெற்ற வழக்கறிஞராகிவிட்டால், எஸ்.கியூ.இ. வழியாகச் சொலிசிட்டர் ஆவதற்கு மற்றவர்களுக்கு வேண்டிய இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் சொலிசிட்டர் பட்டம் வேறு, வேலை வேறு. பெரிய நிறுவனம் ஒன்று புதியவரை உட்காரவைத்துக் கற்றுக்கொடுப்பது டிரெய்னி இடத்தில்தான். அதனால் முதலில் அதற்கே முயலுங்கள். இங்கே பதிவு செய்துவிட்டுப் பிறகு அங்கே முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால், பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து உங்கள் தொழில் உரிமத்தை நிறுத்திவைக்க மறக்காதீர்கள். திரும்பி வரும்போது, அப்படித் தெரிவித்த காகிதம் உங்களைக் காப்பாற்றும்.

விசாவுக்கு நிறுவனமே ஸ்பான்சர் செய்ய வேண்டும். செய்வார்களா என்று அவர்களின் ஆள்சேர்ப்புப் பிரிவுக்கே எழுதிக் கேளுங்கள்; கேட்பதால் மதிப்புக் குறையாது. டிரெய்னி இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த இடத்தை விற்கும் அதிகாரம் எந்த ஏஜென்ட்டிடமும் இல்லை.